மருந்தை விட்டாச்சா?

என் வீட்டுக்காரருக்கு உடம்பில் கொழுப்பு கூடிவிட்டது என்று தெரிந்த அன்று தெருவே சிரித்தது. ஆள் அப்படி. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு தெரியும். பட்டாசுக் கம்பெனியில் வருடக்கணக்காக வெயிலிலும் தூளிலும் காய்ந்த உடம்பு. அதில் கொழுப்பு எங்கே வந்து உட்கார்ந்தது என்று எனக்கே விளங்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனார், அவருக்கு மூத்தவள், செய்தி கேட்டு வந்து வாசலில் நின்றபடியே சொன்னாள்: "இந்த ஒடம்புல எங்கன இருக்கு கொளுப்பு? இந்த வீட்ல கொளுப்பு யாருக்குன்னு ஊருக்கே தெரியும்ல."

என்னைத்தான் சொல்கிறாள். நான் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தில் முகாம் போட்டு, குடும்பத்தோடு கூப்பிட்டு எல்லாருக்கும் ரத்தம் எடுத்திருந்தார்கள். எனக்கு எல்லாம் சரியாக இருந்தது. அந்தத் தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் போல எரிச்சல் வந்தது. நீட்டவில்லை. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் அவருடைய அண்ணன். மல்லாங்கிணற்றில் காட்டு வேலை பார்த்தவர், இவரைப் போலவே ஒல்லி. ஒருநாள் மத்தியானம் புஞ்சைக் கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. அந்த வயது இப்போது இவருக்கு. விருதுநகரில் டாக்டரைப் பார்த்தபோது நான் முதலில் சொன்னது அதைத்தான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இது சாப்பாட்டால் மட்டும் வருவதல்ல, குடும்பத்தில் ஓடுவது, ஆள் ஒல்லியா குண்டா என்று பார்க்காது என்றார். ராத்திரி ஒரு மாத்திரை எழுதினார். எண்ணெயைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார். என்ன வேலை என்று கேட்டதற்கு இவர் "கம்பெனி வேலை" என்றார். எங்கள் பக்கம் அதற்குமேல் யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஊருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அவரும் கேட்கவில்லை.

விருதுநகருக்குப் போனால் எண்ணெயில் பொரித்த பரோட்டா சாப்பிடாமல் அவர் பஸ் ஏறியதே கிடையாது. அன்று ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தால் எதிர்ச்சாரியிலேயே கடை. கல்லில் எண்ணெய் கொதிக்கிற வாசனை ரோட்டைத் தாண்டி வருகிறது. மனுஷன் அந்தப் பக்கம் திரும்பாமல் நேராக பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். சாவுக்குப் பயந்த ஆளாக அவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் அப்படிப் பயப்படுகிறவர் அல்ல. அவர் பார்ப்பது மருந்து வேலை. சிவகாசியைச் சுற்றி மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கிற மருந்துதான். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மாத்திரை, இருமலுக்குக் குடிப்பது டானிக், சின்னப்பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது. எல்லாப் பக்கமும் வாசல் வைத்த சின்ன ரூமில், காலில் செருப்பில்லாமல், தரையில் உட்கார்ந்து குழாய்க்குள் மருந்து செலுத்த வேண்டும். கம்பெனியில் அந்த வேலைக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. கூலியும் அதிகம். எங்கள் தெருவில் அவருக்குப் பேரே மருந்துக்காரர்தான்.

நடக்கச் சொன்னாரே டாக்டர், எங்கே நடப்பது? விடியவும் வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். சாயங்காலம் இறக்கிவிடும்போது முகமெல்லாம் வெள்ளித் தூள். குளித்தால் தண்ணீர் பளபளவென்று ஓடும். அதற்குப் பிறகு மெயின் ரோட்டில், லோடு லாரிகளுக்கு நடுவில் ஓரமாக நடந்துவிட்டு வருவார். பாதி தூரத்தில் தெரிந்தவர் யாராவது பைக்கை நிறுத்தி, ஏன் நடந்து போறீக, ஏறுங்க என்று ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். நான் எண்ணெயைப் பிடித்து ஊற்றினேன், காரச்சேவை வீட்டுக்குள் விடவில்லை, ஓட்ஸ் காய்ச்சி வைத்தேன். அவர் கரண்டியால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது குளாய் ஒட்டுற பசை மாதிரில்ல இருக்கு" என்றார். ஆனாலும் சாப்பிட்டார்.

மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் கால் வலி வந்தது. முதலில் தொடையில், அப்புறம் கெண்டைக்காலில். ரெண்டு காலும் ஒரே மாதிரி வலிக்கிறது என்றார். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. வேனில் ஏற இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. கக்கூஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும் சத்தத்தை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன்.

நாத்தனார் அப்போது ஒரு தாளோடு வந்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்தது. வெறும் வயிற்றில் பூண்டை மென்று தின்றால் கொழுப்பு கரையும் என்று அதன் அடியில் போட்டிருந்தது. மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடு, இதைக் கொடு என்றாள். நான் அந்தத் தாளைப் பார்த்தேன். எங்கள் அச்சகத்துக் காலண்டர். அந்த வரியைப் பிழை திருத்தியதே நான்தான். போன வருடக் காலண்டரில் இருப்பதை எடுத்து இந்த வருடத்துக்குத் தேதி மாற்றிப் போடுவார்கள். அதற்கு முந்தின வருடத்திலும் அதே பூண்டுதான். எந்த டாக்டரும் எழுதியது இல்லை. கொழுப்புக்கு ழ சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை, கொழுப்பு கரையுமா என்று பார்ப்பது என் வேலை இல்லை. இதை அவளிடம் சொன்னேன்.

"அச்சடிச்சு ஊருக்கெல்லாம் விக்கிறாக. பொய்யவா அச்சடிப்பாக?" என்றாள்.

எனக்குச் சம்பளமே அதில்தான் வருகிறது. பூண்டும் கொடுத்தேன், மாத்திரையும் கொடுத்தேன். வீடே நாறியது. வலி மட்டும் போகவில்லை.

மார்கழியில் அவரைத் தனியாக டாக்டரிடம் அனுப்பினேன். வருடம் பிறக்க இருந்தது, காலண்டர் ஆர்டர்கள் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தன. லீவு கேட்டால் முதலாளி என் முகத்தைப் பார்க்கமாட்டார். சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அவர் வந்து உட்கார்ந்திருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"மருந்தை விடச் சொல்லிட்டாரு."

நான் பையைக் கீழே வைக்கவில்லை. நல்லா நினைச்சுச் சொல்லுங்க என்றேன்.

"இந்த வலிக்கு மருந்துதான் காரணமா இருக்கும்னாரு. ஒரு மாசம் மருந்தை நிப்பாட்டிப் பாப்போம், வலி கொறைஞ்சா மருந்தாலதான்னு தெரிஞ்சுரும்னாரு."

அப்படியானால் மாத்திரை என்று கேட்டேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது பாட்டுக்குச் சாப்பிட வேண்டியதுதான் என்றார். எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஏன் வரவேண்டும்? அத்தனை காலம் அந்தத் தூளை மூச்சில் இழுத்த மனுஷன். நகக்கண்ணில், காது மடிப்பில் எல்லாம் அதுதான். அது காலுக்கு இறங்கியிருக்கும் என்று நானே நினைத்தேன். சொல்லப்போனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து, எங்கேயாவது தூரத்தில் டமார் என்று கேட்டால் எந்தத் திசை என்று வாசலுக்கு ஓடிப் பார்க்கிற பிழைப்பு எனக்கு. ஒரு டாக்டர் வாயால் அதற்கு முடிவு வந்தது என்று இருக்கன்குடி அம்மனுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தேன்.

மறுநாளே அவர் போர்மேனிடம் போய், உள்ளதை உள்ளபடி சொன்னார். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், காலில் வலி, டாக்டர் மருந்தை விடச் சொல்லிவிட்டார். போர்மேன் இவரைவிடச் சின்னவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். பாவப்பட்டு, வேலையை விட்டு நிறுத்தாமல் பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றினார். டப்பாவில் லேபிள் ஒட்டுகிற வேலை. கூட இருந்தவர்கள் முழுக்கப் பெண்கள். மருந்துக்காரரைப் பாரு, கொழுப்பு கூடினதும் நம்ம கூட உக்கார வந்துட்டாரு என்று அவர்கள் கேலி செய்தது எங்கள் தெரு வரைக்கும் வந்தது. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. தெருமுனையில் வேனுக்கு நிற்கும்போது மற்ற மருந்து ஆட்களோடு நிற்காமல் தள்ளி நிற்க ஆரம்பித்தார்.

இப்படி ஒரு மாசம் போனது. ராத்திரி மாத்திரையை அவர் ஒருநாள்கூட விடவில்லை. வலி கூடியது.

தை பிறந்து எனக்கு லீவு கிடைத்ததும் இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம்.

"மருந்தை நிறுத்தியாச்சா?" என்று கேட்டார்.

"அன்னைக்கே நிப்பாட்டியாச்சு சார்."

"வலி?"

"கொறையலை. கூடத்தான் செஞ்சிருக்கு."

டாக்டர் யோசித்தார். காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் வலிக்கு மருந்து காரணம் இல்லை, பயப்படாமல் மறுபடியும் ஆரம்பித்துவிடுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மார்கழியிலிருந்து நான் பார்க்காத முகம்.

"நாளைக்கே ஆரம்பிச்சிர்றேன் சார். போர்மேன்ட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கிறணும்."

"அவர்கிட்ட எதுக்கு?"

"அவருதான சார் மருந்து அளந்து குடுக்கணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். மாத்திரை என்ன ஆச்சு என்று அவர் மெதுவாகக் கேட்டார். ஒரு நாள் தவறாமல் சாப்பிடுகிறேன் என்று இவர் பெருமையாகச் சொன்னார். என்ன கம்பெனி என்று டாக்டர் இப்போதுதான் கேட்டார், பட்டாசுக் கம்பெனி என்றேன். அதற்குப் பிறகு அவருக்குப் புரிந்தது. சிரித்துவிட்டார். நர்ஸைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னார். அவள் உள்ளூர்க்காரி, இரண்டு மருந்தும் தெரிந்தவள், அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் வீட்டுக்காரர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஒங்களுக்குச் சிரிப்பாணியா இருக்கு சார். இவுக அந்த மாத்திரையைத் தின்னுக்கிட்டே எந்திரிக்க மாட்டாமக் கெடந்தாக. பாத்த வேலையும் போச்சு. இந்தப் பக்கத்துல மருந்துன்னா என்னன்னு ஒருத்தர்ட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தப்புதான் அம்மா என்றார், மனசாரத்தான் சொன்னார். தசைக்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார். மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அந்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், எங்கள் இரண்டு பேருக்கும் காது கேட்காதது போல.

மாத்திரையை விட்டதும் வலி தண்ணீர் வடிகிற மாதிரி வடிந்துபோனது. கை ஊன்றாமல் எழுந்தார். சாயங்காலம் நடக்கப் போனவர், யார் பைக்கை நிறுத்தினாலும் ஏறவில்லை. நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. நான் அன்னைக்கே சொன்னேனே, மாத்திரைதான் விஷம் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன், பாதி உண்மைதானே. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவும் தம்பியும் மஞ்சள் துணி கட்டி இருக்கன்குடிக்கு நடந்தே புறப்பட்டார்கள். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தவர் காலில் ஒரு கொப்பளம், அவ்வளவுதான். என் எதிரில் நின்று தொடையைத் தட்டிக் காட்டினார். இம்புட்டுத் தூரம் நடந்தவனுக்கு எதுக்கு மாத்திரை என்று கேட்டார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மாத்திரை இல்லாமல், நடையால் மட்டுமே இந்த வியாதி போய்விடும் என்று நம்ப யாருக்குத்தான் ஆசை இருக்காது?

சித்திரையில் மறுபடி ரத்தம் பார்த்தோம். முதலில் இருந்ததற்கு ஏதோ கொஞ்சம் குறைந்திருந்தது. அவ்வளவு பட்டினிக்கும், அவ்வளவு நடைக்கும், அவ்வளவு பூண்டுக்கும் அந்தக் கொஞ்சம்தான். டாக்டர் இந்தத் தடவை நிதானமாகப் பேசினார். நடையை விடாதீர்கள், அது நல்லதுதான், ஆனால் உங்கள் அண்ணனுக்கு வந்ததை நடையால் மட்டும் நிறுத்த முடியாது என்றார். வேறு மாத்திரை, குறைந்த அளவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பெரும்பாலும் இதில் வலி வராது. வந்தால் நீங்களாக நிறுத்தாமல் என்னிடம் வந்து சொல்லுங்கள், இன்னும் வழி இருக்கிறது என்றார். எழுந்தபோது, புதிதாகக் கற்றுக்கொண்டதைக் காட்டுகிற மாதிரி, "அந்த மருந்து வேலைக்கு மட்டும் திரும்பப் போயிடாதீங்க. அந்தத் தூளும் வெக்கையும் உங்க நெஞ்சுக்கு ஆகாது" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

தீபாவளி சீசனுக்குக் கம்பெனியில் ஆள் தேடத் தொடங்கியிருந்தார்கள். போர்மேன் வீட்டுக்கே வந்தார். மருந்து செலுத்தப் பழகின கை கிடைக்கவில்லையாம். ஆனால் ஒன்று என்றார். நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆளை மருந்து ரூமுக்குள் விடக்கூடாது என்று மேலே சொல்லியிருக்கிறார்களாம். உள்ளே மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? எனக்கு நெஞ்சு கொதித்தது. ஒரு பொறி பட்டால் சுவர்கூட மிஞ்சாத ரூம் அது. அதற்குள் உட்காருகிறவனுக்கு மாரடைப்பு வந்துவிடக்கூடாதே என்று கம்பெனிக்குக் கவலை! வாய் வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

"மாத்திரையை விட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார் போர்மேன்.

"விட்டாச்சுய்யா. இருக்கன்குடிக்கு நடந்தே போயிட்டு வந்தேன்ல."

போர்மேன் போன பிறகு எங்களுக்குள் பெரிய சண்டை. பேக்கிங்கிலேயே இருந்தால் என்ன, உயிர் பெரிதா பேர் பெரிதா என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. "அங்கன உக்காந்து லேபிள் ஒட்டி நூறு வயசு இருக்கதுக்கா நான் ஓட்ஸ் தின்னேன்?" என்று கேட்டார்.

இப்போது ஆடி. விடியவும் வேன் வருகிறது, மருந்து ரூமுக்குப் போகிறார். முறை வருகிற ராத்திரிகளில் மாத்திரையை நானே உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிறவரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போன வாரம் விருதுநகருக்குப் போனபோது டாக்டர், "மருந்தை விட்டாச்சா? நான் அந்த மருந்தைச் சொல்றேன்" என்று சிரித்தபடி கேட்டார். விட்டாச்சு சார் என்றார் இவர். டாக்டர் என்னையும் பார்த்தார். நானும் தலையாட்டினேன். இரண்டு இடத்திலும் ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார், இரண்டு இடத்திலும் நம்பிவிட்டார்கள்.

நான்கு நாளாக ஒன்றைக் கவனிக்கிறேன். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு காலை வைத்து, நின்று, அப்புறம் மறு காலை எடுக்கிறார். நான் வாசலில் நிற்பதைப் பார்த்தால் கம்பியை விட்டுவிட்டு வேகமாக வருகிறார். வலி என்று சொன்னால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன், அங்கே பேச்சு வாக்கில் கம்பெனி விஷயம் வெளியே வரும், அல்லது இந்த மாத்திரையும் நின்று அண்ணன் கண்முன் வந்து நிற்பார். அவருக்கு இது தெரியும். எனக்கும் தெரியும். முன்னெல்லாம் செம்பில் தண்ணீரை நீட்டும்போதே, கால் வலிக்குதா என்று கேட்பேன். இப்போது கேட்பதை விட்டுவிட்டேன். இந்த வீட்டில் உண்மையாகவே விட்டது அது ஒன்றைத்தான்.